கீழ்க் குசினிக் காற்று

நவம்பர் 4, செவ்வாய்

ஓட்டை பிடிக்கிற வேலைதான், வேறென்ன. அம்மா மூன்றாம் தரமும் கேட்டபோது இப்படித்தான் சொன்னேன்.

"பழைய வீடுகளில எங்கால குளிர் வருது, எங்கால சூடு போகுதெண்டு பாக்கிறது. பாத்து எழுதிக் குடுத்தா அரசாங்கம் உதவி செய்யும், வீட்டுக்காரர் திருத்துவினம்."

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உதுக்கோ கம்பஸை விட்டனி?"

கம்பஸ் படிப்பை விட்டது இதற்காக இல்லை. ஒரு கதிரையில் இருந்து ஒரு மனுஷன் கதைப்பதையே பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஏலாது, அதனால் விட்டேன். இந்த வேலையில் இருக்கவே தேவையில்லை. வாசல் கதவைத் திறந்து அந்த இடத்தில் ஒரு தடித்த துணியை இழுத்துக் கட்டி, நடுவில் பெரிய விசிறியைப் பூட்டுவோம். எல்லா யன்னலையும் சாத்திவிட்டு விசிறியைப் போட்டால் வீட்டுக்குள் இருக்கிற காற்றை அது வெளியே இழுக்கும். அப்போது எங்கெங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கேயெல்லாம் வெளிக்காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே வரும். கையை வைத்தாலே தெரியும். ஸ்காபரோவில் இருக்கிற பழைய வீடெல்லாம் சல்லடை.

என்னோடு வருகிறவர் யசோ அக்கா. லைசென்ஸ் அவரிடம், வான் அவரிடம், வாயும் அவரிடம். முதல் நாளே "கம்பஸை விட்ட பெடியன்தானே நீ, ஏணியையும் பாதியில விட்டிடாதை" என்றார்.

அப்பா கீழே பேஸ்மென்டில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்த ரெஸ்டோரன்ட் மூடியதிலிருந்து கீழ்க் குசினிதான் அவருடைய கடை. பிறந்தநாள், சாமத்திய வீடு எல்லாவற்றுக்கும் ஓடர் வரும். படுக்கையும் அங்கேயேதான்.

"காத்துப் போற ஓட்டை பாக்கவோ சம்பளம்? அப்ப முதல்ல என்ர வாயைப் பாத்து ரிப்போட் எழுது" என்று முன்பல் இல்லாத இடத்தைக் காட்டினார்.

அப்பா குடிப்பதை விட்டு மூன்று வருஷம். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்வதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இந்தக் கொப்பியைத் தங்கச்சி அபி எடுத்தாலும் வாசிக்க மாட்டாள். அவள் இங்கே வந்தபோது மூன்று வயது, தமிழ் எழுத்துத் தெரியாது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியும், நேரம் கிடையாது.

நவம்பர் 7, வெள்ளி

இன்றைக்குத் தமிழ் வீடு. வீட்டுக்கார அன்ரி சீலிங்கில் இருக்கிற புகை, காஸ் அலார்முக்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டுக் கட்டியிருந்தார்.

"மிளகாய் வறுத்தாக் கத்துது தம்பி. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரன் குழந்தையையும் தூக்கிக்கொண்டு றோட்டுக்கு ஓடுறான். எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"அன்ரி, வறுக்கேக்க யன்னலைத் திறவுங்கோ, தொப்பியை நீங்கள் போடுங்கோ" என்று சொல்லி யசோ அக்கா அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்தார். நான் சிரித்தேன். எங்கள் வீட்டு அலார்ம் கழற்றியபடி மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. தொப்பிகூட இல்லை.

விசிறிச் சோதனை முடிந்ததும் யசோ அக்கா தனியாகக் கீழே போய், தண்ணி ஹீட்டருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஏதோ புகைக்குச்சி பிடித்துப் பார்ப்பார். அது அவருடைய பகுதி. அந்த நேரத்தில் நான் விசிறியைக் கழற்றி வானில் ஏற்றிவிடுவேன். நேரத்தை வீணாக்க எனக்குப் பிடிக்காது.

நவம்பர் 16, ஞாயிறு

முதல் ஸ்னோ. அப்பாவின் கால் வீங்கியிருக்கிறது. நாள் முழுக்கச் சீமெந்து நிலத்தில் நிற்கிறார், குளிர் உள்ளங்காலால் ஏறுகிறது. இரண்டு சோடி காலுறை போட்டு, அதற்கு மேல் பொலித்தீன் பை கட்டியிருந்தார். பார்க்க எனக்கு விசர் வந்தது. ஊர் வீடெல்லாம் சோதித்துத் திரிகிறேன், எங்கள் வீடு இப்படிக் கிடக்கிறது.

சாமித்தட்டிலிருந்து ஊதுபத்தி எடுத்துக் கொளுத்திக்கொண்டு கீழே போய்ச் சுவரோரமாகப் பிடித்தேன். புகை வளைகிற இடமெல்லாம் ஓட்டை.

அப்பா பார்த்துவிட்டு "ஐயரே, பூசை முடிஞ்சா பிரசாதம் உண்டோ?" என்றார்.

சுவரும் மேல்தளமும் சந்திக்கிற இடம் முழுக்க, டின்னில் வருகிற ஓட்டை அடைக்கிற நுரையை அடித்தேன். இரண்டு சின்ன யன்னலுக்கும் பிளாஸ்ரிக் ஒட்டி, முடி உலர்த்துகிற மெஷினால் சூடு காட்டி இறுக்கினேன். மோளம் மாதிரி இருந்தது. தண்ணி ஹீட்டர் பக்கத்தில் வெளியிலிருந்து நேரே வருகிற குழாய் ஒன்று திறந்தபடி இருந்தது. கை அகலம். ஐஸ் காற்று அதற்குள்ளால் கொட்டுகிறது. எந்த மடையன் வைத்தானோ தெரியவில்லை. ஒரு பழைய துவாயைச் சுருட்டி உள்ளே தள்ளி, மேலே நுரை அடித்து மூடினேன்.

பின்னேரம் அப்பா பொலித்தீன் பைகளைக் கழற்றிவிட்டு நின்று ரோல்ஸ் சுற்றினார். "டேய், சட்டையே கழட்டலாம் போல கிடக்கு" என்றார். மேலே போய் அம்மாவிடமும் சொன்னார். அம்மா படியால் இறங்கி வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். "பரவாயில்லை" என்றார். அம்மாவின் வாயிலிருந்து அது பெரிய பட்டம்.

நவம்பர் 22, சனி

அப்பா ஒரு தட்டு ரோல்ஸை நிலத்தில் கொட்டிவிட்டார். தலை சுற்றுகிறதாம்.

பொரிக்கிற மணம் மேலே வரக்கூடாதென்று அம்மா கீழ்க் கதவுக்கு அடியில் துணி வைப்பார். ரெஸ்டோரன்டிலிருந்து கொண்டுவந்து அடுப்புக்கு மேல் பூட்டிய பெரிய புகைவிசிறியையும் அப்பா இன்றைக்குக் காலையிலிருந்து ஓடவிட்டிருந்தார். அது போட்டால் வீடே பிளேன் மாதிரி இரையும். எனக்கும் கீழே கொஞ்ச நேரம் உதவிவிட்டு வந்ததில் தலை பாரம். பனிக்காய்ச்சல் வரப்போகிறது போல.

நவம்பர் 27, வியாழன்

அப்பாவின் கதை குழறுகிறது. காலையில் என்னை "தம்பி" என்று கூப்பிட்டுவிட்டு, ஏன் கூப்பிட்டேன் என்று மறந்துபோய் நின்றார். எங்கள் வீட்டில் இந்த முகம் புதிதில்லை. நாங்கள் நாலு பேரும் இதைப் பார்த்திருக்கிறோம், அவரையும் சேர்த்து.

அம்மா பாத்திரங்களைச் சத்தமாக வைத்தார். 

டிசம்பர் 3, புதன்

அப்பா கடைக்குப் போன நேரம் நானும் அம்மாவும் கீழே தேடினோம். மா வாளிக்குள், ஃப்ரீசருக்குள், கட்டில் மெத்தைக்கு அடியில், பழைய சப்பாத்துக்குள். ஒரு போத்தலும் இல்லை.

"நல்லாப் பழகிட்டார்" என்றார் அம்மா. "முந்தி ரொய்லட் தண்ணி ராங்கிக்குள்ள வச்சவர். இப்ப எங்கேயோ."

அப்பா வந்ததும் நான் நேரே கேட்டேன். எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது.

"குடிச்சிருக்கிறியளோ?"

"இல்லையடா."

"ஊதுங்கோ."

பெற்ற தகப்பனிடம் அப்படிச் சொன்னேன். அவர் குனிந்து என் முகத்தில் ஊதினார். வெங்காயமும் ஏலக்காயும் மணத்தது.

"வொட்கா மணக்காது" என்றார் படியில் நின்ற அம்மா.

"ராணி, சத்தியமாக் குடிக்கேல்லை. தலை இடிக்குது. பிள்ளையள் மேல சத்தியம்."

"பிள்ளையளை இழுக்காதேங்கோ. போன தரமும் அவையள் மேலதான் சத்தியம் பண்ணினியள்."

அது உண்மை. போன தரமும் அப்படித்தான்.

டிசம்பர் 6, சனி

கோயிலுக்குப் போனோம். அப்பா அங்கே நன்றாக இருந்தார். கூட்டாளிமாரோடு நின்று சிரித்தார், நீள வாங்கில்களைத் தூக்கி அடுக்கினார். மூன்று மணித்தியாலம் தலையிடி இல்லை, தள்ளாட்டம் இல்லை.

"பாத்தியே" என்றார் அம்மா காரில். அப்பா பின்சீட்டில் இருக்கும்போதே. "சனத்துக்கு முன்னால எப்பிடி இருக்க வேணுமெண்டு அவருக்குத் தெரியும். வீட்டிலதான் எங்களுக்குக் கூத்து."

அப்பா யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அபி அவருடைய கையைப் பிடித்திருந்தாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

யசோ அக்காவுக்கு என் முகம் பிடிக்கவில்லை. வானில் கேட்டார்.

"என்னடா, ஆரும் பெட்டை விட்டிட்டுப் போட்டாளோ?"

"அப்பா திரும்பத் தொடங்கிட்டார்."

அவர் பகிடியை நிறுத்தினார். லைட் பச்சையானதும் வானை எடுத்தார். பிறகு, "வாற கிழமை உங்கட வீட்டையும் ஒருக்காச் சோதிப்பம். கொம்பனியில கேக்க மாட்டினம். நீ குளிர் குளிரெண்டு சொல்லிக்கொண்டிருந்தனி" என்றார்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்?"

"நானே பாத்துச் செய்திட்டன். இப்ப சூடா இருக்கு."

அதுவும் ஒரு காரணம். மற்றது, அப்பா தள்ளாடிக்கொண்டு நிற்கிற பேஸ்மென்டுக்குள் யசோ அக்காவைக் கூட்டிக்கொண்டு போக எனக்கு ஏலாது. அப்பாவின் தலையிடி, இப்போது தொடங்கியிருக்கிற வாந்தி எல்லாம் அவரிடம் சொல்லவில்லை. குடித்த வெறிக்காரனுக்கு எதனால் வாந்தி வருகிறது என்று விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

சித்தப்பாவின் மகள் பெரியபிள்ளையாகி இன்றைக்குச் சாமத்திய வீடு. அப்பா விடியவே எழும்பி, பெரிய விசிறியைப் போட்டுவிட்டு ரோல்ஸ், பற்றீஸ் எல்லாம் பொரித்தார். நானும் அபியும் தட்டுகளைக் காரில் ஏற்றினோம். அப்பா கோட் சூட்டை இஸ்திரி போட்டுக் கதவில் தொங்கவிட்டிருந்தார்.

அம்மா அதைப் பார்த்தார். "நீங்கள் வர வேண்டாம்."

"என்ர தம்பியின்ர பிள்ளையெல்லோ."

"அதாலதான் வேண்டாமெண்டுறன். இந்தக் கோலத்தில மண்டபத்துக்கை விழுந்து கிடக்கவோ? நான் காய்ச்சலெண்டு சொல்லுறன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.

அம்மா கூப்பிடுகிறார், கார் ஸ்ராட் பண்ண வேண்டும்.

டிசம்பர் 15, திங்கள்

ஆஸ்பத்திரி. எழுத ஏலாது.

டிசம்பர் 18, வியாழன்

மண்டபத்தில் எல்லாரும் ரோல்ஸைப் புகழ்ந்தார்கள். "ஆர் செய்தது? குலம் அண்ணையோ? எங்க ஆளைக் காணேல்லை?" அம்மா காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சித்தப்பா ஒரு தட்டில் கேக் வைத்து மூடித் தந்தார், அண்ணனுக்குக் கொடுக்கச் சொல்லி.

வீட்டுக்கு வந்தபோது விசிறி இன்னும் இரைந்துகொண்டிருந்தது. கீழே அப்பா பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் கிடந்தார். சூட்டின் கால்சட்டை மட்டும் போட்டிருந்தார். மேலே பனியன்.

நான் முதலில் அவருடைய வாயை மணந்து பார்த்தேன்.

அம்மா படியில் நின்று, "விடு, தெளியட்டும்" என்றார். தலைக்குக் கீழே தலையணை வைத்து, போர்வையால் மூடிவிட்டு மேலே வந்தேன். தேத்தண்ணி குடித்தோம். அபி கேக் சாப்பிட்டாள். எவ்வளவு நேரம் என்று எழுத மாட்டேன். விசிறியின் இரைச்சல் தாங்காமல் அதை நிற்பாட்டத்தான் திரும்பவும் கீழே போனேன். அவருடைய மூச்சு வேறு மாதிரி இருந்தது. வாயோரத்தில் வாந்தி. எழுப்பினேன், எழும்பவில்லை. அம்புலன்சுக்கு அடித்தேன். போனில் கதைக்கும்போதே எனக்கும் தலை சுற்றியது.

தீயணைப்புக்காரனும் வந்தான். அவன் தோளில் கொழுவியிருந்த மீட்டர் படியில் இறங்கும்போதே கத்தத் தொடங்கியது. எங்கள் எல்லாரையும் வெறுங்காலோடு ஸ்னோவுக்குள் துரத்தினார்கள். அம்மா பட்டுச் சேலையோடு நின்று, "என்னவாம்? தம்பி, என்னவாம் சொல்லுறாங்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

காஸ் என்று சொன்னேன். வீட்டுக்குள் நச்சுக் காஸ்.

டிசம்பர் 20, சனி

அப்பாவைக் குழாய் மாதிரி ஒரு அறைக்குள் வைத்து அழுத்தமாக ஒட்சிசன் கொடுத்தார்கள். கண்ணைத் திறந்துவிட்டார். ஆனால் எங்களை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

டொக்டர் இரத்தப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். கார்பன் மொனொக்சைட் நிறைய. மதுசாரம் இல்லை.

"கொஞ்சமும் இல்லையோ?"

"இல்லை."

"திரும்பக் கேள். கொஞ்சமும் இல்லையோவெண்டு கேள்."

கேட்டேன். டொக்டர் பொறுமையாகத் தலையாட்டினார். அம்மா கைப்பையைத் திறந்து எதையோ தேடினார், மூடினார், திரும்பவும் திறந்தார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அப்பாவின் வாயோரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை.

டிசம்பர் 22, திங்கள்

காஸ் கொம்பனி ஹீட்டரில் சிவப்பு அட்டை கட்டி, லைனைப் பூட்டிவிட்டது. சித்தப்பா வீட்டில் இருக்கிறோம். யசோ அக்கா வந்து எங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவும் வந்தார்.

யசோ அக்கா பகிடி ஒன்றும் விடவில்லை. விசிறியைப் பார்த்தார், யன்னல் பிளாஸ்ரிக்கைப் பார்த்தார், சுவரோரம் டோர்ச் அடித்துக்கொண்டே போனார். தண்ணி ஹீட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ" என்று அம்மாவுக்குக் காட்டினார். "இந்தப் புகைவிசிறி உள்ள இருக்கிற காத்தையெல்லாம் வெளியில இழுக்குது. அவ்வளவு காத்துக்கும் திரும்பி வர ஒரு வழி வேணும். இந்தக் குழாய் அதுக்குத்தான். இதை அடைச்சா, ஹீட்டர்ல எரியிற புகை சிம்னியால மேல போகாது. விசிறி அதை அப்பிடியே அறைக்குள்ள இழுக்கும். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலை இடிக்கும், தள்ளாடும், கதை குழறும்."

"வெறி மாதிரி" என்றார் அம்மா.

"ஓம். வெறி மாதிரி."

யசோ அக்கா நுரையைக் கத்தியால் வெட்டித் துவாயை வெளியே இழுத்தார். குளிர்காற்று முகத்தில் அடித்தது.

"ஆர் இதை அடைச்சது?"

அவர் அம்மாவைப் பார்த்துக் கேட்டார், என்னைப் பார்க்கவில்லை.

"தெரியாது" என்றேன் நான்.

"குளிருதெண்டு அவர்தான் அடைச்சிருப்பார்" என்றார் அம்மா. "பாவம், அவருக்கென்ன தெரியும்." அன்றைக்கு நான் ஒட்டிய யன்னல்களைத்தான் அம்மா பார்த்தவர், இந்தக் குழாயை இல்லை.

யசோ அக்கா துவாயை மடித்து ஹீட்டரின் மேல் வைத்தார். நுரை நேர்த்தியாக அடிக்கப்பட்டிருந்தது, ஓரம் வெட்டி, மட்டமாக. அப்படி வெட்ட எனக்கு அவர்தான் காட்டித் தந்தவர். வானில் ஏறும்போது, "வேலைக்கு எப்ப வாறியெண்டு நீயே சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 5, திங்கள்

அப்பாவை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், நடக்கப் பழக்குகிற இடம். இப்போது எங்களைத் தெரிகிறது. எங்கள் பெயரும், ஊரும், ரோல்ஸுக்கு எவ்வளவு மிளகு என்பதும் தெரியும். ஆனால் புதிதாக ஒன்றும் உள்ளே நிற்பதில்லை. காலையில் சொன்னது மத்தியானம் இல்லை. மூளையில் அந்த இடம் அடிபட்டுவிட்டது, எவ்வளவு திரும்பி வரும் என்று சொல்ல ஏலாது என்று டொக்டர் சொன்னார்.

என்னைக் கண்டதும் அப்பா அழுதார்.

"தம்பி, இனித் தொடமாட்டன்ரா. இதுதான் கடைசி."

"என்னத்தை?"

"குடியை. அம்மாட்டச் சொல்லு. எப்ப தொடங்கினனெண்டே எனக்கு ஞாபகமில்லை. போத்தல் எங்க வச்சனெண்டும் தெரியேல்லை. நீங்கள் எல்லாரும் சொல்லுறியள், அப்ப குடிச்சுத்தானே இருப்பன்."

"நீங்கள் குடிக்கேல்லை அப்பா."

"குடிக்கேல்லையோ?"

அந்த முகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று வருஷத்தை யாரோ திருப்பிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப எனக்கு என்ன நடந்தது?"

அறையில் வேறு யாரும் இல்லை. சொன்னேன். ஊதுபத்தி, நுரை, துவாய், குழாய், எல்லாம். நான் அடைத்தது என்று சொன்னேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். "உனக்கு எப்பிடியடா தெரியும். என்ர காலைப் பாத்தெல்லோ செய்தனி."

மத்தியானச் சாப்பாடு வந்தது. சாப்பிட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்து அழுதார்.

"தம்பி, இனித் தொடமாட்டன்ரா."

ஜனவரி 11, ஞாயிறு

ஒவ்வொரு நாளும் போகிறேன். ஒவ்வொரு நாளும் அவர் மன்னிப்புக் கேட்கிறார், நான் இல்லை என்கிறேன், அவர் என்ன நடந்தது என்று கேட்கிறார், நான் சொல்கிறேன். எல்லா நாளும் தலையில் கை வைப்பதில்லை. செவ்வாய்க்கிழமை கோப்பையை எறிந்தார். "தகப்பனைக் கொல்லப் பாத்தியோ?" என்று கத்தினார், நேர்ஸ் ஓடி வந்தார். வியாழக்கிழமை சிரித்தார். நேற்று ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். எது வரும் என்று கதவைத் திறக்கும்வரை தெரியாது.

அவரிடம் மட்டும்தான் சொல்கிறேன். அவரிடம் அது நிற்பதில்லை.

யசோ அக்காவுக்கு இன்னும் போன் எடுக்கவில்லை.

ஜனவரி 14, புதன்

பின்னேரம் வேலை முடிந்து அம்மா போகிறார். அவரிடமும் அப்பா மன்னிப்புக் கேட்கிறாராம். "நீங்கள் குடிக்கேல்லை, நான்தான் பிழையா நினைச்சன்" என்று சொல்லிச் சொல்லி அம்மாவின் குரல் அடைத்துவிட்டது.

"என்ன நடந்ததெண்டு கேக்கேல்லையோ?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கேக்கிறார். குளிருக்கு நீங்களே அந்தக் குழாயை அடைச்சுப்போட்டியள், தெரியாமச் செய்தது, பரவாயில்லையெண்டு சொல்லுறன்."

"அதுக்கு என்ன சொல்லுவார்?"

"ராணி, என்னை மன்னிச்சுக்கொள் எண்டுவார்."

ஜனவரி 18, ஞாயிறு

அம்மாவுக்கு இன்றைக்கு லீவு. இந்த இடத்துக்கு முதல் தரம் நானும் அம்மாவும் ஒன்றாக வந்திருக்கிறோம், அபியும் கூட. கீழே கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன். அம்மா முதலிலேயே மேலே போய்விட்டார். அப்பாவுக்குச் சவரம் செய்ய வேண்டும் என்று வீட்டிலிருந்து எல்லாம் கொண்டுவந்தவர்.

காரில் வரும்போது கேட்டார். "நீ போகேக்க உன்னட்டையும் அதைத்தான் கேக்கிறவரோ? நீ என்ன சொல்லுறனி?"

றோட்டில் ஐஸ் கிடந்தது. பார்த்து ஓட்டுகிற மாதிரி இருந்துவிட்டேன்.

நான் உள்ளே போனதும் அவர் அழுவார். நான் இல்லை என்பேன். பிறகு அந்தக் கேள்வி வரும். அம்மா சவர நுரையோடு பக்கத்தில் நிற்பார், பதில் சொல்ல வாயைத் திறப்பார். வழக்கமாகச் சொல்கிற பதிலை. அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். பிந்தினால் அப்பா அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுவார், என் முன்னாலேயே. அப்பா மத்தியானத்துக்குள் மறந்துவிடுவார். அம்மா மறக்க மாட்டார்.

அபி வந்து நிற்கிறாள். "அண்ணா, அம்மா உன்னைக் கூப்பிடுறா. அப்பா எழும்பிட்டாராம், ஏதோ கேக்கிறாராம்."

நான் போக வேண்டும்.